ஆடவல்லானைப் படிக்க ஒரு வரிசை

தத்துவம், சமயம், கலை மூன்றிலும் நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல். ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவம், உபநிடத மொழிபெயர்ப்பு ஒன்று, உரையோடு திருமந்திரம், கனமான சிற்பப் படநூல் ஒன்று. எல்லாம் நல்ல நூல்கள்தாம். ஆனால் ஒன்றை முடித்தவர் அடுத்ததை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்குப் பட்டியலில் காரணம் இருக்காது. பாதி வழியில் நின்றுபோனவர்கள் நம்மில் ஏராளம். அவர்களின் சோம்பலைக் குறை சொல்வதற்குமுன் பட்டியலைக் கொஞ்சம் குறை சொல்லலாம்.

நூலக அடுக்குகளும் இந்தப் பிரிவினைக்குத் துணைபோகின்றன. டூயி பகுப்புமுறையில் கீழைத் தத்துவம் 181, இந்து சமயம் 294.5, சிற்பம் 730. நடனம் 790களில் எங்கோ இருக்கிறது. நடராசரைப் பற்றிய நூலை எங்கே வைப்பது? நான்கு இடத்திலும் வைக்க நியாயம் உண்டு. நூலகர் ஓரிடத்தில்தான் வைக்க முடியும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்புமுறையிலும் நுண்கலை, சமயம், தத்துவம் மூன்றுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் இரண்டு, வாசகருக்கு உரிய நூலையும் நூலுக்கு உரிய வாசகரையும் சேர்த்து வைப்பதைப் பற்றியவை. நூலகவியலில் அதைவிடப் பெரிய சொல் எதுவும் வந்துவிடவில்லை. அந்த நூலுக்கு அடுத்து எந்த நூல் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. அதை யாராவது படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

துறைவாரியாகச் சொல்வதைவிட ஒரு பொருளைச் சுற்றிச் சொல்வது மேல் என்பது என் கட்சி. அந்தப் பொருள் மூன்று துறைகளுக்கும் பொதுவானதாக இருந்தால் புத்தகங்கள் தாமாகவே ஒன்றையொன்று இழுத்துவரும், சில இடங்களில் சண்டையும் போடும். ஆனந்த தாண்டவ நடராசரின் செப்புத் திருமேனியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு வரிசையைப் போட்டுப் பார்க்கிறேன். இந்த வரிசையில் வழக்கத்துக்கு மாறான அம்சம் ஒன்று உண்டு. எல்லோரும் முதலில் படிக்கும் நூலை நான் நடுவில் வைக்கிறேன்.

அந்த நூல் ஆனந்த குமாரசுவாமியின் ‘தி டான்ஸ் ஆஃப் சிவா’. கொழும்பில் 1877இல் சர் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். மண்ணியல் படித்து இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர். பிறகு கலை வரலாற்றுக்கு வந்து 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தவர். நடராசர் பற்றிய கட்டுரை முதலில் வெளியானது 1912இல், ‘சித்தாந்த தீபிகை’ இதழில். ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1897இல் தொடங்கிய சைவ சித்தாந்த ஆங்கில இதழ் அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1918இல், நியூயார்க்கில் சன்வைஸ் டர்ன் என்ற புத்தகக் கடை அந்தக் கட்டுரையையும் வேறு பதின்மூன்றையும் சேர்த்து நூலாக வெளியிட்டது.

கட்டுரை சொல்வது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். உடுக்கையில் படைப்பு, அமர்த்திய கையில் காப்பு, ஏந்திய தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய பாதத்தில் அருள். காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமை. இந்த விளக்கம் குமாரசுவாமியின் கண்டுபிடிப்பு அன்று. உண்மை விளக்கத்திலிருந்தும் திருமந்திரத்திலிருந்தும் எடுத்துக்காட்டி அவர் கோத்தது. சித்தாந்த தீபிகை வாசகர்களுக்கு அந்த மூல நூல்கள் பழக்கமானவை. அவர்களுக்கு இது தெரிந்த பாட்டுக்கு ஒரு புதிய உரை. நியூயார்க் வாசகருக்கோ மூலமும் இல்லை, மற்ற உரைகளும் இல்லை. ஒரு மரபுக்குள் ஒரு விளக்கமாக இருந்தது, கடல் தாண்டியதும் ஒரே விளக்கமாகிவிட்டது.

அதன்பின் அது பயணம் செய்த வேகம் வியப்பூட்டுவது. சென்னை அருங்காட்சியகத்து நடராசர்களின் புகைப்படங்களைப் பார்த்து ரோடின் 1913இல் எழுதிய குறிப்பு, குமாரசுவாமி, ஹேவெல் கட்டுரைகளோடு 1921இல் ‘ஆர்ஸ் ஏசியாட்டிகா’ வரிசையில் வந்தது. ஹைன்ரிக் ஸிம்மரின் ‘மித்ஸ் அண்ட் சிம்பல்ஸ்’ 1946இல் அதே விளக்கத்தை விரித்தது. ஃப்ரிட்ஜாப் காப்ராவின் ‘தி டாவ் ஆஃப் ஃபிசிக்ஸ்’ 1975இல் அதை அணுத்துகள்களின் ஆட்டத்தோடு சேர்த்தது. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்கு நடராசர் சிலையொன்றைத் தந்தது. அதன் அருகிலுள்ள பலகையில் காப்ராவும் குமாரசுவாமியும் மேற்கோளாக நிற்கிறார்கள். அந்தக் கட்டுரையின் நடை அப்படி. படித்து முடித்தவர் அதற்குப்பின் எந்தச் செப்புத் திருமேனியைப் பார்த்தாலும் ஐந்தொழிலைத்தான் பார்ப்பார். அதனாலேயே முதலில் படிக்க வேண்டாம் என்கிறேன்.

முதலில் வைப்பது காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. பதினோராம் திருமுறையில் உள்ளவை. சேர்த்து 22 பாடல்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம். அம்மையாரின் காலத்தைப் பொதுவாக ஆறாம் நூற்றாண்டு என்பார்கள். சோழர் வார்ப்புகளுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். அவர் காட்டும் ஆட்டம் நடப்பது பொன்னம்பலத்தில் அன்று, சுடுகாட்டில். கள்ளியும் முள்ளும், எரிந்தும் எரியாமலும் கிடக்கும் பிணங்கள், நரி, ஆந்தை, கூத்தாடும் பேய்கள். நடுவில் அவன் ஆடுகிறான். ஐந்தொழில் அட்டவணை எதையும் அவர் தரவில்லை. அச்சமும் அன்பும் பிரிக்க முடியாமல் கலந்த ஓர் அனுபவம் மட்டும் இருக்கிறது. ‘ஆனந்த’ தாண்டவம் என்ற அடைமொழியோடு பழகிய வாசகருக்கு இது நல்ல அதிர்ச்சி. தருமபுரம் ஆதீனத்தின் திருமுறை உரைப் பதிப்பு போதும். ஆங்கிலத்தில் வேண்டுவோர்க்கு எலைன் கிராடக்கின் 2010ஆம் ஆண்டு நூலும் கேரன் பெசிலிஸின் 2012ஆம் ஆண்டு நூலும் உண்டு; இரண்டில் ஒன்று என்றால் பெசிலிஸ். பாடல்களையும் பின்னாளில் சேக்கிழார் எழுதிய வரலாற்றையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் படிக்கக் கற்றுத்தருவார்.

அடுத்து வைப்பது புத்தகம் என்று சொல்லவே தயங்க வேண்டிய ஒன்று: ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில் உள்ளன. முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. ஆடவல்லார் திருமேனிகளைப் பற்றிய இடங்களை மட்டும் தேடிப் பார்த்தால் போதும். எத்தனை கை, எத்தனை சடை, சடைமேல் கங்கை, பாதத்தின் கீழ் முயலகன், பக்கத்தில் உமாபரமேசுவரி, யார் கொடுத்தது, என்னென்ன நகை என்று கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதியிருக்கிறது. என்ன பொருள் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். திருமேனியை வார்த்த காலத்திலேயே வாழ்ந்தவர்கள் அதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. கல்வெட்டு என்றால் அறிஞர்களுக்கு மட்டும் என்று ஒதுங்குவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். தஞ்சைக் கல்வெட்டுத் தமிழ் சங்கப் பாட்டைவிட எளிது.

இந்த இடத்தில் திருமேனிகளைக் கண்ணால் பழக வேண்டும். டக்ளஸ் பாரெட்டின் ‘எர்லி சோழ பிரான்சஸ்’ (1965), இரா. நாகசாமியின் 1983ஆம் ஆண்டுப் படநூல், வித்யா தெஹேஜியாவின் ‘ஆர்ட் ஆஃப் தி இம்பீரியல் சோழாஸ்’ (1990) எதுவும் ஆகும். தெஹேஜியாவில் செம்பியன் மாதேவியைப் பற்றிய பகுதியைத் தவறவிடக் கூடாது. கண்டராதித்தரின் மனைவியான அந்த அரசி பத்தாம் நூற்றாண்டில் கோயில்களைக் கற்றளியாக்கினார்; அவற்றின் தென்சுவர்க் கோட்டங்களில் ஆடும் சிவன் இடம்பெறுகிறார். கண்டராதித்தரே தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பா பாடியவர். ஒரு குடும்பத்தின் பக்தியும் ஓர் அரசின் அடையாளமும் எங்கே கலக்கின்றன என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமியை இங்கே சொல்லியாக வேண்டும். ‘இறைவன் ஆடிய எழுவகைத் தாண்டவம்’ 1948இல் வந்த சிறு நூல். ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ 1956. முன்னதை இன்று யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனந்த தாண்டவம் பல தாண்டவங்களில் ஒன்று என்பதைச் சான்றுகளோடு காட்டுவதால் அது இந்த வரிசைக்கு அவசியம். அதையே இந்தியா முழுமைக்கும் விரித்துப் பார்க்க சி. சிவராமமூர்த்தியின் ‘நடராஜா இன் ஆர்ட், தாட் அண்ட் லிட்டரேச்சர்’ (1974, தேசிய அருங்காட்சியகம், புதுதில்லி). பாதாமி முதற்குகையின் பதினெட்டுக் கைச் சிவனும், கிழக்கிந்தியாவில் காளைமேல் ஆடும் நர்த்தேசுவரரும், எல்லோராவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். அது எடுத்துப் புரட்ட வேண்டிய நூல்; முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க முயன்றால் அலுத்துவிடும். கோபிநாத ராவின் ‘எலிமெண்ட்ஸ் ஆஃப் ஹிந்து ஐகனோகிராஃபி’யில் (1914–1916) சிவனைப் பற்றிய இரண்டாம் தொகுதி ஆகமங்களின் அளவையும் இலக்கணத்தையும் தருகிறது. நூறாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அதைத் திறக்காமல் வேலை செய்வதில்லை. பொதுவாசகர் கடந்துபோகலாம்.

இப்போதுதான் தத்துவம். உண்மை விளக்கம், மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகங் கடந்தார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. ஐம்பது சொச்சம் வெண்பாக்கள். மாணவர் கேட்க ஆசிரியர் சொல்வதாக அமைந்தது. தத்துவங்கள், மலம், உயிர், இறை என்று படிப்படியாகப் போய்த்தான் கூத்துக்கு வருகிறது. குமாரசுவாமி எடுத்தாண்ட வெண்பாவை அந்தக் கேள்விவரிசைக்குள் வைத்துப் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ஆசிரியர் சிற்பத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை, திருவைந்தெழுத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். கூத்து அதற்கான வாயில். சிவஞானபோதத்தில் நேரே இறங்கி மூச்சுமுட்டி வெளியேறியவர்களுக்கும் சைவ சித்தாந்தத்துக்குள் நுழைய இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன். கூடவே திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் திருக்கூத்துத் தரிசனம் என்ற பகுதி. மூவாயிரம் பாட்டையும் படித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று சபதம் எடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு குமாரசுவாமி. இப்போது அவருடைய கட்டுரை அழகு குறையாமலே ஒரு வாதமாகத் தெரியும். எதை எடுத்தார், எதை விட்டார் என்று வாசகரே பார்க்கலாம். சுடுகாட்டு ஆட்டத்தை அவர் மறைக்கவில்லை. தாண்டவங்களை வகைப்படுத்தி அதையும் சொல்கிறார். சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார். சுடுகாடு என்பது அடியாரின் உள்ளமே என்று அதை உட்பொருளாக்கிக்கொள்கிறார். அம்மையாரைப் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த இடத்தில் ஒரு தடுக்கல் ஏற்படும். ஏற்பட வேண்டும்.

அந்தத் தடுக்கலை ஆய்வாக எழுதியவர் பத்மா கைமல். ‘தி ஆர்ட் புல்லட்டின்’ இதழில் 1999இல் வந்த அவருடைய கட்டுரை, பத்தாம் நூற்றாண்டுத் திருமேனிக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலைக்கொண்டு பொருள் சொல்வது சரியா என்று கேட்கிறது. முற்காலச் சோழர் சூழலில் அந்த வடிவம் அழிப்பின் ஆட்டமாகவும், தில்லையோடு தம்மை இணைத்துக்கொண்ட ஓர் அரச மரபின் சின்னமாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது அவருடைய வாதத்தின் போக்கு. சாரதா சீனிவாசன் 2004இல் ‘வேர்ல்ட் ஆர்க்கியாலஜி’யில் எழுதியது வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. செம்பில் கலந்துள்ள ஈயத்தின் ஓரிடத்தான் விகிதங்களை ஆராய்ந்து, நடராசர் வார்ப்பின் தொடக்கத்தைப் பல்லவர் காலத்துக்குக் கொண்டுபோகிறார். அதை ஏற்றால் ‘சோழர் சின்னம்’ என்ற வாதத்தையே மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். குமாரசுவாமியோடு கைமலும், கைமலோடு சீனிவாசனும் மோதும் இந்த இடம்தான் முழு வரிசையிலும் சுவையான பகுதி. பட்டியல் தருபவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் நூல்களையே அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் வாசகருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலையில்லை.

என் வரிசைக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. சைவ சித்தாந்தம் முறையாகப் பயின்ற ஒருவர் இதைத் தலைகீழ் என்பார். பொருள் தெரியாமல் வடிவத்தைப் பார்ப்பதில் என்ன பயன்? முந்தியதுதான் மெய்யானது, பிந்தியது ஏற்றிச் சொன்னது என்று யார் முடிவு செய்தது? அது வரலாற்றாசிரியரின் நம்பிக்கை. தில்லையில் இன்று கைகூப்பி நிற்பவருக்கு உண்மை விளக்கம் எழுநூறு ஆண்டுகளாக வாழும் பொருளைத் தருகிறது. வார்த்தவர் நினைத்தது என்ன என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. இந்த மறுப்பை என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதற்கு இடம் தரும் நூல்கள் வேண்டும். டேவிட் ஸ்மித்தின் ‘தி டான்ஸ் ஆஃப் சிவா’ (கேம்பிரிட்ஜ், 1996) அப்படி ஒன்று. உமாபதி சிவாசாரியார் வடமொழியில் பாடியதாகக் கருதப்படும் குஞ்சிதாங்கிரித்தவத்தை மையமாக வைத்து, தில்லைக்குள் நின்று கூத்தைப் பார்க்கிறது. பால் யங்கரின் ‘தி ஹோம் ஆஃப் டான்சிங் சிவன்’ (1995) ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை, தீட்சிதர்கள், கோயில் வழக்குகள் என்று ஊரை வைத்து எழுதியது. ஸ்மித் செறிவானவர், இரண்டில் எளிதானது யங்கர்.

இந்தச் சச்சரவுக்கு ஓரளவு வழி காட்டுவது ரிச்சர்ட் டேவிஸின் ‘லைவ்ஸ் ஆஃப் இந்தியன் இமேஜஸ்’ (பிரின்ஸ்டன், 1997). வார்த்தவர் தந்த பொருளும் பின்னால் வந்தவர் தந்த பொருளும் ஒரே திருமேனியின் வாழ்க்கையில் அடுத்தடுத்த கட்டங்கள் என்று பார்க்கிறார். பத்தூர் நடராசரைப் பற்றிய பகுதி நாவலைப்போல ஓடுகிறது. 1976இல் தஞ்சைப் பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த திருமேனி கைமாறிக் கைமாறி லண்டன் போய், கனடா நிறுவனமொன்றிடம் சேர்ந்து, 1982இல் காவல்துறையின் கைக்கு வந்தது. 1988இல் ஆங்கில நீதிமன்றம் இடிந்து கிடந்த ஒரு கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்ற நிலையை ஏற்றது. மேல்முறையீட்டுக்குப்பின் 1991இல் நடராசர் திரும்பினார். இரா. நாகசாமி அந்த வழக்கில் சாட்சி சொன்னவர். பிரான்சும் அமெரிக்காவும் நடராசரைத் தத்துவமாகப் படித்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் அவர் விலைப்பொருளாகவும் ஆனார் என்பதைக் குமாரசுவாமியின் வாசகர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. டேவிஸின் இந்த நூலுக்குக் கிடைத்தது குமாரசுவாமி பெயரிலான விருது. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி 2014இல் திருப்பித் தந்த கதை, அந்த நூலுக்குப் பிறகு நடந்த அத்தியாயம்.

நடனம் மிச்சமிருக்கிறது. இன்று பரதநாட்டிய மேடையில் ஓரத்தில் நடராசர் இருப்பது தொன்மையான வழக்கம் என்றே பலர் நம்புகிறார்கள். மேத்யூ ஆலன் 1997இல் எழுதிய ‘ரீரைட்டிங் தி ஸ்கிரிப்ட் ஃபார் சவுத் இந்தியன் டான்ஸ்’ கட்டுரை, 1930களின் மறுமலர்ச்சியில் ருக்மிணி தேவியின் வழியாக அந்த நடராசர் மேடையேறிய கதையையும் அதன் பின்னணியில் குமாரசுவாமியின் எழுத்து நின்றதையும் ஆராய்கிறது. தாவேஷ் சோனெஜியின் ‘அன்ஃபினிஷ்ட் ஜெஸ்சர்ஸ்’ (2012) மறுபக்கத்தைச் சொல்கிறது. ஆட்டத்தைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பெண்களிடமிருந்து அது எப்படிப் போனது, அவர்கள் நினைவில் எது தங்கியது என்று எழுதுகிறார். கூத்தனின் தத்துவம் உலகெங்கும் ஏறிப்போன ஆண்டுகளில் கூத்தாடியவர்கள் தெருவில் நின்றார்கள். நாராயணசாமி நாயுடு முதலானோர் 1936இல் வெளியிட்ட ‘தாண்டவ லட்சணம்’ நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தைத் தில்லைக் கோபுரத்துக் கரணச் சிற்பங்களோடு சேர்த்துத் தருகிறது. ஆடத் தெரிந்தவர்களுக்கு அது பொக்கிஷம், மற்றவர்களுக்குப் படம் பார்க்க.

காப்ராவை வரிசையில் சேர்க்கவில்லை. இயற்பியலைப் பற்றி அவர் சொல்வதை இயற்பியலார் மதிப்பிடட்டும். நடராசரைப் பற்றி அவர் குமாரசுவாமியைத் தாண்டி எதுவும் சேர்க்கவில்லை. ஸிம்மரையும் அதே காரணத்துக்காக விட்டேன், அவர் நல்ல எழுத்தாளர் என்ற வருத்தத்தோடு. ரோடினின் குறிப்பை விரும்பினால் படிக்கலாம். கொஞ்ச நேரத்துக்குத் தத்துவத்தை மறந்து தோளையும் இடையையும் பார்க்கும் ஒரு சிற்பியின் கண் அதில் இருக்கிறது.

இத்தனைக்கும் நேரமில்லாதவருக்குச் சுருக்கமான வரிசை ஒன்று: அம்மையாரின் இரண்டு பதிகங்கள், உண்மை விளக்கம், குமாரசுவாமியின் அந்த ஒரு கட்டுரை, கைமலின் கட்டுரை. எல்லாம் சேர்ந்து ஒரு சிறு நூலின் அளவுதான். முதல் இரண்டும் சைவ மடங்களின் பதிப்புகளில் மலிவாகக் கிடைக்கும். குமாரசுவாமியின் நூல் காப்புரிமைக் காலம் கடந்ததால் இணையத்தில் இலவசம். கைமலுக்கு மட்டும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் உறுப்பினர் அட்டை வேண்டியிருக்கும். அட்டை இல்லாதவர் உள்ளவரைப் பிடிக்க வேண்டும்.